ஒருமையும் பன்மையும்: மாறிவரும் ஆண்-பெண் நிலையும் மொழிபெயர்ப்பாளரின் தேர்வும்

1. முன்னுரை

குடும்பத்திலும் பணியிடத்திலும் ஆண்-பெண் நிலை மாறிவருவதைச் சமூகவியலார் வேலைவாய்ப்பு, ஊதியம், வீட்டுப்பணிப் பங்கீடு ஆகியவற்றைக் கொண்டு அளந்து காட்டுவர். தமிழ் மொழியை ஆராய்வோர்க்கு அம்மாற்றம் மற்றோர் இடத்திலும் புலப்படுகிறது. வினைமுற்றின் ஈறே அவ்விடம். 'வந்தாள்' என்பதற்கும் 'வந்தார்' என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஓர் எழுத்தளவினது. ஆனால் தமிழில் எழுதும் எவரும், ஒரு பெண்ணைப் படர்க்கையில் குறிக்கும் ஒவ்வொரு முறையும், அப்பெண்ணுக்குரிய மதிப்பைப் பற்றி ஒரு முடிவை எடுத்தே ஆகவேண்டும். விரும்பாவிடினும் அதிலிருந்து தப்ப இயலாது.

தமிழில் தாமே படைக்கும் எழுத்தாளர் இம்முடிவைத் தம் சமூகத்தின் வழக்கிலிருந்து பெறுகிறார். மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வசதி இல்லை. அவர் எடுத்துக்கொண்ட மூலமொழி மதிப்பை வேறு விதமாக உணர்த்தலாம். அல்லது உணர்த்தாமலே விடலாம். அந்த இடைவெளியைத் தம்மையறியாமல் பழைய குடும்ப வழக்கைக் கொண்டு நிரப்பிவிடுவதே நம் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் காணப்படும் குறையாகும். இக்கட்டுரை அக்குறையின் தன்மையை ஆராய முற்படுகிறது. இங்கு வலியுறுத்தப்படும் கருத்து ஒன்றே: குடும்பத்தில் ஆண்-பெண் சமன்மை பெரும்பாலும் ஒருமையின் வழியாகவும், பணியிடத்தில் அது பன்மையின் வழியாகவும் வந்துகொண்டிருக்கிறது. இவ்விரு போக்குகளையும் வேறுபடுத்தி அறியாத மொழிபெயர்ப்பு, மூலத்திலில்லாத ஏற்றத்தாழ்வைத் தமிழில் புகுத்திவிடும்.

2. ஈறுகளின் அமைப்பு

தொல்காப்பியர் உயர்திணையை ஆடூஉ, மகடூஉ, பலர் என மூன்றாகப் பகுத்து, அவற்றிற்கு முறையே ன், ள், ர் என்னும் ஈறுகளைக் கூறுகிறார். ஒருவரைப் பன்மையாற் கூறுவதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் அதனை வழக்கில் உயர்த்திக் கூறும் சொல்லாகக் கொண்டாரேயன்றி, இலக்கண நெறிப்பட்டதாகக் கொள்ளவில்லை. 'ஒருவர்' என்னும் சொல் இருபாற்கும் உரியது என்பதும் அவர் கூறியதே. ஆகவே, மதிப்பு கூறும்போது பால் மறைவது தமிழுக்குப் புதியதன்று. புதியது யாதெனில், அன்று சிறப்பு வழக்காக இருந்த இப்பன்மை இன்று உரைநடையில் பொது வழக்காக ஆகியிருப்பதாகும்.

இதன் விளைவைப் பின்வரும் வாய்பாட்டில் கூறலாம். எழுத்துத் தமிழில் ஒரு பெண்ணைப் பெண்ணெனக் காட்ட வேண்டுமாயின் மதிப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். மதிப்பைக் காட்ட வேண்டுமாயின் பெண்மையை மறைக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே காட்டும் ஈறு நம்மிடம் இல்லை.

பிற இந்திய மொழிகளோடு ஒப்பிடின் இந்நிலை தெளிவாகும். இந்தியில் 'பிதாஜி ஆயே ஹைன்' எனவும், 'மாதாஜி ஆயீ ஹைன்' எனவும் வரும். இரண்டும் மதிப்புப் பன்மை; இரண்டிலும் பால் வெளிப்படை. வங்காளத்தில் 'பாபா ஏலேன்', 'மா ஏலேன்' என ஈறு ஒன்றே. அங்கு வினை மதிப்பைக் காட்டும், பாலைக் காட்டாது. மலையாள வினைமுற்று இரண்டையுமே காட்டுவதில்லை. அச்சனும் அம்மையும் 'வந்நு' என்னும் ஒரே வினையைப் பெறுவர். தெலுங்கின் ஒருமையில் பெண்பால் அஃறிணையோடு சேர்ந்து 'வச்சிந்தி' என நிற்க, ஆண்பால் மட்டும் 'வச்சாடு' எனத் தனித்து நிற்கும். கன்னடத்தில் 'பந்தனு, பந்தளு, பந்தரு' எனத் தமிழை ஒத்த முப்பகுப்பு உண்டு. ஆகவே மலையாளத்திலிருந்து தமிழாக்குவோர் மூலத்தில் இல்லாத இரண்டு செய்திகளைத் தாமே சேர்க்கிறார். இந்தியிலிருந்து தமிழாக்குவோர் மூலத்தில் உள்ள இரண்டனுள் ஒன்றைக் கைவிடுகிறார்.

பேச்சுத் தமிழின் நிலை வேறு. தமிழகப் பேச்சில் மதிப்புக்குரிய ஆண் 'அவரு வந்தாரு' எனவும், மதிப்புக்குரிய பெண் 'அவங்க வந்தாங்க' எனவும் பெரும்பாலும் குறிக்கப்படுவர். யாழ்ப்பாணத் தமிழில் 'அவள்' என்பதினின்றும் வேறான 'அவ' என்னும் மதிப்புப் பெண்பாற் சொல்லே உண்டு. எனவே, எழுத்தில் இருபாற்பொதுவாக நிற்கும் 'அவர்', தமிழகப் படிப்பாளியின் செவியில் ஆணையே முதலில் எழுப்புகிறது. 'மருத்துவர் வந்தார்' என்னும் தொடரைப் படிப்போர் பலர் மனத்தில் ஓர் ஆண் மருத்துவரே நுழைவதற்குச் சமூகப் பழக்கம் மட்டுமன்றிப் பேச்சு வழக்கின் இந்த ஈறும் காரணம் எனலாம். இலக்கணப்படி பொதுவானது, கேட்பளவில் பொதுவானதாக இல்லை.

3. குடும்பம்: ஒருமையின் வழியே வரும் சமன்மை

3.1. கீழ்வரும் இரு தொடர்கள் தமிழ்ப் புனைகதை படிப்போர் அனைவர்க்கும் பழகியவை.

(1) அப்பா வந்தார்.
(2) அம்மா வந்தாள்.

இவ்விணையைப் படிக்கும்போது நமக்கு எவ்வித உறுத்தலும் தோன்றுவதில்லை. மாற்றிப் பார்த்தால்தான் ('அப்பா வந்தான்', 'அம்மா வந்தார்') அதன் சாய்வு புலப்படும். இவ்வழக்கு எங்கும் ஒரே தன்மையதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருவர்க்கும் 'வந்தாங்க' எனக் கூறும் குடும்பங்கள் உண்டு. தாயை 'வந்துச்சு' என அஃறிணை ஈற்றால் அன்பொழுகக் குறிக்கும் வட்டாரங்களும் உண்டு. பழைய உரைநடையில் 'தகப்பனார்', 'தாயார்' என்னும் இணை ஒரே -ஆர் ஈற்றைப் பெற்றிருந்தது. அதாவது (1), (2) ஆகியவை தமிழின் இயற்கை அல்ல. தமிழில் உள்ள பல வழக்குகளுள் ஒன்று. அச்சு உரைநடை அதனைப் பொது வழக்குப்போல் ஆக்கிவிட்டது.

கணவன் மனைவியரிடையே முன்னிலையிலும் இதே சாய்வு காணப்படுகிறது. மரபான குடும்பத்தில் கணவன் மனைவியை 'நீ' என்பான். மனைவி கணவனை 'நீங்கள்' என்பாள். பிள்ளைகள் தாயை 'வாம்மா' என்றும் தந்தையை 'வாங்கப்பா' என்றும் அழைப்பர்.

3.2. இதற்கு ஒரு மறுப்புரை உண்டு. ஒருமை இழிவன்று, நெருக்கம் என்பர். இறைவனையும் தாயையும் உற்ற நண்பனையும் ஒருமையில்தானே அழைக்கிறோம்? இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் ஆகிய இருவரும் 1960 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், முன்னிலைச் சொற்களின் தேர்வை அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். ஒரே ஒருமைச் சொல், ஒருவழிப்பட்டதாயின் அதிகாரத்தையும், இருவழிப்பட்டதாயின் தோழமையையும் உணர்த்தும் என்பது அவர்தம் முடிபு. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் மறுப்புரையின் குறை விளங்கும். தாய்க்கு நெருக்கமும் தந்தைக்கு மதிப்பும் எனப் பங்கிட்டுத் தருவதே ஏற்றத்தாழ்வாகும். நெருக்கம் தாயின் தனிச் சொத்து என்றால், பிள்ளை வளர்ப்பும் அவள் தனிச் சுமை ஆகிவிடுகிறது. மதிப்பு தந்தையின் தனிச் சொத்து என்றால், அவர் அடுக்களைக்கு அயலாராகிவிடுகிறார். ஈறு ஈண்டு வேலைப் பங்கீட்டின் நிழலாக நிற்கிறது.

3.3. இன்று நகர்ப்புறப் படித்த குடும்பங்களில் காணப்படும் மாற்றம் கருதத்தக்கது. கணவன் மனைவியர் ஒருவரையொருவர் 'நீ' என்றும் பெயர் சொல்லியும் அழைப்பது பெருகியுள்ளது. பிள்ளைகள் தந்தையையும் 'நீ' என்கின்றனர். தாயை 'நீங்கள்' என உயர்த்துவதைக் காட்டிலும், தந்தையை 'நீ' என நெருக்கத்துள் கொணர்வதே மிகுதி. குடும்பத்தின் சமன்மை ஏறி வரவில்லை, இறங்கி வருகிறது எனலாம். தோழமை அச்சு அதிகார அச்சை வெல்லும் இடம் இது.

4. பணியிடம்: பன்மையின் வழியே வரும் சமன்மை

4.1. பணியிடத்தில் போக்கு நேர்மாறானது. அங்கு 'ஒருமையில் பேசினார்' என்பது புகாராகிறது. இலக்கணக் கலைச்சொல் ஒன்று அவமதிப்பின் பெயராகவே மாறியிருப்பது தமிழில் வியக்கத்தக்க நிகழ்ச்சி. பணியிடத்தில் பெண்ணுக்கு வேண்டப்படுவது நெருக்கம் அன்று. உடன் பணியாற்றும் ஆணை 'வாங்க சார்' என்றும் பெண்ணை 'வாம்மா' என்றும் அழைப்பவர் அன்போடு அழைத்தாலும், அவ்வன்பு ஒருவழிப்பட்டதாகவே இருக்கிறது.

4.2. தொழிற்பெயர்களின் ஆக்கத்தை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மதிப்புக் குறைவாகக் கருதப்பட்ட தொழில்களின் பெயர்கள் பால் பகுத்து நிற்கின்றன: வேலைக்காரன்-வேலைக்காரி, பால்காரன்-பால்காரி, சமையற்காரன்-சமையற்காரி. மதிப்புடையனவாகக் கருதப்பட்ட தொழில்களின் பெயர்கள் -அர் ஈற்றில் பால் மறைந்து நிற்கின்றன: மருத்துவர், அமைச்சர், இயக்குநர், செயலாளர், பேராசிரியர். 'ஆசிரியை', 'மாணவி' போன்றவை இடைநிலையின. ஆகவே ஒரு தொழில் -காரி என்பதிலிருந்து -அர் என்பதற்கு மாறுவது பெயர்மாற்றம் மட்டுமன்று. அது பணியுயர்வும் ஆகும். சத்துணவுத் திட்டத்தில் 'சமையலர்' எனவும், குழந்தைகள் மையங்களில் 'அங்கன்வாடிப் பணியாளர்' எனவும் அரசாணைத் தமிழ் பெயரிட்டது. இப்பணிகளில் இருப்போர் பெரும்பாலும் பெண்களே. 'சமையற்காரி', 'ஆயா' என்னும் பழம்பெயர்களோடு ஒப்பிட்டால், இப்பொதுப்பெயர்கள் செய்த நன்மை விளங்கும்.

கட்டுமானத் தொழிலில் இம்மாற்றம் இன்னும் நிகழவில்லை. சுவர் எழுப்பும் ஆண் 'கொத்தனார்'. அவர் பெயரிலேயே -ஆர் என்னும் மதிப்பீறு அமைந்துவிட்டது. கல்லும் கலவையும் சுமக்கும் பெண் 'சித்தாள்'. அவள் பெயரிலேயே சிறுமை அமைந்துவிட்டது. கரணை பிடித்து வேலை செய்யும் பெண்ணுக்கு மரபான பெயர் இல்லை. 'பெண் கொத்தனார்' என அடைகொடுத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கு அடை தேவைப்படுகிறதோ அங்கு அவ்வினத்தார் விருந்தினராகவே கருதப்படுகின்றனர் என்பது பொது விதி. 'பெண் ஓட்டுநர்' என்கிறோம். 'ஆண் ஓட்டுநர்' என்பதில்லை. 'ஆண் செவிலியர்' என்கிறோம். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயாக வரும் 'செவிலி', இன்று மருத்துவமனைப் பணியாளரின் பெயராகியுள்ளது. வீட்டுக்குள்ளிருந்த ஓர் உறவு ஊதியப் பணியாக வெளிவந்த வரலாறு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. ஆண் அப்பணிக்கு வரும்போது அடை அவர் பக்கம் மாறுகிறது.

4.3. 'டாக்டரம்மா', 'வாத்தியாரம்மா' என்னும் பேச்சு வழக்குகள் ஒரு காலத்தில் இருபொருள்பட நின்றன. மருத்துவரின் மனைவியும் டாக்டரம்மாவே. மருத்துவம் செய்யும் பெண்ணும் டாக்டரம்மாவே. இந்தியில் 'மாஸ்டர்னி', 'டாக்டர்னி' என்பனவும் இத்தகையனவே. பெண்கள் அப்பணிகளில் மிகுந்தபோது முதற்பொருள் தேய்ந்து இரண்டாம் பொருளே நிலைபெற்றது. சமூக மாற்றத்தை அகராதி இங்ஙனம் பதிவு செய்கிறது. 2007 இல் பிரதிபா பாட்டீல் குடியரசுத் தலைவரானபோது, 'ராஷ்டிரபதி' என்னும் சொல்லில் 'பதி' கணவனையும் குறிக்குமாதலால் பெண்ணுக்கு அது பொருந்துமா என்று இந்தி வழங்கும் பகுதிகளில் விவாதம் எழுந்தது. முடிவில் அச்சொல்லே நிலைத்தது. தமிழில் 'குடியரசுத் தலைவர்' என்னும் சொல்லுக்கு அவ்விடர்ப்பாடு தோன்றவே இல்லை. பால் மறைக்கும் ஈற்றின் நன்மையும் இதனால் அறியப்படும்.

5. இரு நாடகங்கள்: ஒரு சோதனை

5.1. மேற்கூறிய கருத்தைச் சோதித்துப் பார்க்க இரு நாடகங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, நார்வே நாடகாசிரியர் இப்சன் 1879 இல் எழுதிய 'பொம்மை வீடு'. இந்நாடகத்தின் இறுதியில் நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுவது அனைவரும் அறிந்தது. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது வேறொன்று. நோராவும் அவள் கணவன் ஹெல்மரும் மூலத்தில் ஒருவரையொருவர் 'டூ' என்னும் நெருக்க ஒருமையிலேயே அழைக்கின்றனர். ஹெல்மரின் மேலாண்மை முன்னிலைச் சொல்லில் இல்லை. மனைவியை வானம்பாடி என்றும் அணில் என்றும் கொஞ்சும் செல்லப்பெயர்களில் இருக்கிறது.

தமிழாக்குவோர் மரபுப்படி நோராவின் வாயில் 'நீங்கள்' என்றும், ஹெல்மரின் வாயில் 'நீ' என்றும் வைத்தால், படிப்பவர்க்கு இயல்பாகவே தோன்றும். ஆனால் அதனால் இரண்டு தீங்குகள் விளையும். ஏற்றத்தாழ்வு முதற்காட்சியிலேயே வெளிப்படையாகிவிடுவதால், செல்லத்தின் உள்ளே மறைந்திருக்கும் அடக்குமுறையை மெல்ல மெல்ல வெளிக்கொணரும் இப்சனின் முறை பழுதாகும். அன்றியும், இறுதிக் காட்சியில் கணவனை எதிரே அமர்த்தி நோரா பேசும் பேச்சு முழுவதும் 'நீங்கள்' என்றே அமைந்தால், வெளியேறும்போதும் அவள் பணிந்தே பேசுவதாகத் தோன்றும். அங்கு மட்டும் 'நீ' என மாற்றினாலோ, மூலத்தில் இல்லாத வெடிப்பு ஒன்றைச் சேர்த்ததாகும். எனவே தொடக்கத்திலிருந்தே இருவழி 'நீ' அமைப்பதே தக்கது. 'அக்காலத்துப் பெண் அங்ஙனம் பேசுவாளா?' என ஐயுறுவோர் நினைக்க வேண்டியது, நோரா தமிழகத்துப் பெண்ணல்லள் என்பதையே.

இதே நாடகத்தில் பணியிடம் பற்றிய ஒரு நுட்பமும் உண்டு. வங்கி மேலாளராகவிருக்கும் ஹெல்மர், அங்கு எழுத்தராக உள்ள குரோக்ஸ்டாட்டை நீக்கத் துணிகிறான். இளமையில் தோழனாக இருந்த குரோக்ஸ்டாட் பிறர் முன்னிலையிலும் தன்னை 'டூ' என்று அழைப்பதைப் பொறுக்க முடியாமை அதற்கு அவன் கூறும் காரணங்களுள் ஒன்று. இது அற்பக் காரணம் என நோரா கூறவே, சினந்து நீக்க ஆணையை உடனே அனுப்பிவிடுகிறான். கதையின் சிக்கல் இறுகுவது அங்குதான். ஆங்கிலத்தில் முன்னிலைச் சொல் ஒன்றேயாதலால், ஆங்கிலப் பெயர்ப்புகள் இதனை 'முதற்பெயர் சொல்லி அழைத்தல்' என மாற்றிக்கொள்கின்றன. தமிழுக்கு இவ்வல்லல் இல்லை. 'எல்லார் முன்னாலும் என்னை ஒருமையில் அழைக்கிறான்' என்றால் போதும். ஆங்கிலப் பெயர்ப்பின் வழியாகத் தமிழாக்குவோர் 'பெயர் சொல்லி அழைக்கிறான்' என எழுதிவிடின், தமிழுக்கு எளிதில் கைவரும் நயத்தை வீணே இழப்பர்.

ஒரே நாடகத்தில் வீட்டுக்குள் 'டூ' தோழமையாகவும், அலுவலகத்தில் அதே 'டூ' அவமதிப்பாகவும் கொள்ளப்படுவதை நோக்குக. குடும்பத்தில் ஒருமை, பணியிடத்தில் பன்மை என்னும் நம் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. கடன் அடைப்பதற்காக இரவெல்லாம் கதவடைத்துப் படியெடுக்கும் வேலை செய்ததை நினைவுகூரும் நோரா, அப்போது தான் ஏறக்குறைய ஓர் ஆணைப்போல இருந்ததாகத் தோழியிடம் கூறும் இடமும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஊதியப் பணி அவளுக்கு வேறொரு பாலின் அனுபவமாகவே தோன்றியது.

5.2. இரண்டாவது, மோகன் ராகேஷ் 1969 இல் இந்தியில் எழுதிய 'ஆதே அதூரே'. இதில் நிலைமை தலைகீழானது. மனைவி சாவித்திரி அலுவலகம் சென்று குடும்பத்தைக் காக்கிறாள். தொழிலில் தோற்ற கணவன் வீட்டில் இருக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் 'தும்' என்கின்றனர். வீட்டுக்கு விருந்தினராக வரும் மேலதிகாரியை அவள் 'ஆப்' என்கிறாள். இங்கு நாடகாசிரியர் செய்துள்ள ஓர் ஏற்பாடு முதன்மையானது. கணவன், மேலதிகாரி உள்ளிட்ட ஆண் பாத்திரங்களை ஒரே நடிகரே ஏற்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அதாவது, ஒரே முகம் ஒரு காட்சியில் 'தும்' என்றும் மறு காட்சியில் 'ஆப்' என்றும் அழைக்கப்படுகிறது. முகம் மாறவில்லை, பணியும் வருவாயும் தரும் தகுதி மாறியது, சொல்லும் மாறியது.

தமிழாக்குவோர் மனைவியின் வாயில் வழக்கம்போல் கணவனுக்கும் 'நீங்கள்' என்றே வைத்தால், கணவனும் மேலதிகாரியும் சொல்லளவில் ஒன்றாகிவிடுவர். நாடகாசிரியர் ஒரு நடிகரைக் கொண்டு கட்டிய முரண் தமிழ் மேடையில் சரிந்துவிடும். 'தும்' என்பது 'நீ'யைவிடச் சற்று உயர்ந்தது, 'நீங்கள்' என்பதைவிடத் தாழ்ந்தது என்பது உண்மையே. ஆயினும் ஈண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ச்சொல் தேடுவதைவிட வேறுபாட்டைக் காப்பதே கடன். கணவனுக்கு 'நீ', மேலதிகாரிக்கு 'நீங்கள்' என அமைத்தாலன்றி அவ்வேறுபாடு நில்லாது.

6. சட்டத் தமிழில் இதன் விளைவு

நாடகத்தில் ஈறு தவறினால் நயம் கெடும். சட்டத் தமிழில் அது தவறினால் ஒருவரின் நிலையே கெடும். ஆங்கில வழக்குரையில் கணவன் 'ஹி', மனைவி 'ஷி'. இருவர்க்கும் மதிப்பளவில் வேறுபாடில்லை. தமிழில் 'அவர் கூறினார், அவள் மறுத்தாள்' என்று வந்துவிட்டால், தீர்ப்புக்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் ஒரு தீர்ப்பு வழங்கியவராகிறார். இயந்திர மொழிபெயர்ப்பும் 'ஹி' என்பதை 'அவர்' எனவும் 'ஷி' என்பதை 'அவள்' எனவும் தருவது பலகாலும் காணப்பட்டுள்ளது. மனிதர் எழுதிக் குவித்த உரைநடையிலிருந்தே இயந்திரம் கற்கிறதாதலின், அது நம் பழக்கத்தையே நமக்குத் திருப்பித் தருகிறது.

இல்லத்துப் பணியின் மதிப்பைப் பற்றி நீதிமன்றங்கள் அண்மைக் காலத்தில் கூறியுள்ளவை இங்கு நினைவுகூரத்தக்கன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்துப் பெண்களை இரவலர், சிறைப்பட்டோர் முதலியவரோடு சேர்த்து உழைக்காதோராக வகைப்படுத்தியதை உச்ச நீதிமன்றம் 2010 இல் கண்டித்தது. 2021 சனவரியில் அந்நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பு, 2019 ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு ஆய்வை எடுத்துக்காட்டியது. ஊதியமில்லா வீட்டுப் பணிக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அவ்வாய்வு கூறியது. 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கையேட்டில், 'ஹவுஸ்வைஃப்' என்பதற்கு மாறாக 'ஹோம்மேக்கர்' என வழங்குமாறு உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தது. தமிழில் இரண்டிற்குமே 'இல்லத்தரசி' என எழுதிவிடும் வழக்கம் உள்ளது. அங்ஙனம் எழுதினால் அப்பரிந்துரையே பொருளற்றதாகிவிடும். 'இல்லத்தரசி' என்னும் சொல் முடிசூட்டுகிறது. ஆனால் உழைப்பைக் கூறவில்லை. ஆங்கிலத்தின் பின்னைய சொல் உழைப்பைக் கூறுவது. 'இல்லப் பணியாளர்' என்றால் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டவர் எனப் பொருள்பட்டுவிடும். 'இல்லம் நடத்துபவர்' என விரித்துக் கூறுவதே இப்போதைக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அது இருபாற்கும் பொதுவாதலால், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ஆணுக்கும் ஏற்கும்.

2023 சூனில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு மொழிபெயர்ப்பாளர்க்குத் தனிப்பாடமாக அமையத்தக்கது. கணவர் வெளிநாட்டில் ஈட்டிய பணத்தால் வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்பது அதன் சாரம். இல்லத்தில் மனைவி ஆற்றும் பணிகளை விளக்குமிடத்து நீதிபதி பணியிடப் பெயர்களையே கையாண்டார். திட்டமிட்டு வரவுசெலவு பார்ப்பதால் மேலாளர், உணவு ஆக்குவதால் சமையற்கலைஞர், நோயுற்றோரைக் காப்பதால் வீட்டு மருத்துவர், சிக்கனம் பேணுவதால் பொருளியலறிஞர் என்னும் பொருள்பட அப்பகுதி அமைந்துள்ளது. இதனைத் தமிழாக்குவோர் இரண்டாவது பெயரை மட்டும் 'சமையற்காரி' என எழுதிவிட்டதாகக் கொள்வோம். அகராதிப்படி பெரும்பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பு உயர்த்தியதை ஈறு இறக்கிவிட்டது. அவ்வாறே, வாதம் முழுவதும் கணவரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் குறித்துவிட்டு, இறுதியில் இருவர்க்கும் சம பங்கு என எழுதினால், முடிவு ஒன்று சொல்ல நடை மற்றொன்று சொல்லும். நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுவரும் காலத்தில் இது கற்பனை இடர் அன்று.

நல்ல சொல் ஒன்று நன்மை செய்தமைக்கும் சான்று உண்டு. 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' எனப் பெயரிடப்பட்டது. 'உதவித் தொகை' என்னும் பழகிய சொல்லைத் தவிர்த்து 'உரிமை' என்றதால், கொடையன்று, உழைப்புக்குரியது என்னும் கருத்து பெயரிலேயே அமைந்தது. இப்பெயரைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்வோர் 'உதவி' என்னும் பொருள்பட எழுதினால் அத்திட்டத்தின் கொள்கையையே மாற்றியவராவர்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ளத்தக்கனவாகச் சில கூறலாம்.

முதலாவது, இணைநோக்கு. கணவன்-மனைவி, தாய்-தந்தை, உடன் பணியாற்றுவோர் ஆகிய இணைகளுக்கு ஈற்றைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாகாது. இணையாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். 'அவன்-அவள்' என்பதும் குற்றமன்று. 'அவர்-அவர்' என்பதும் குற்றமன்று. மூலம் வேண்டாதபோது 'அவர்-அவள்' எனக் கலப்பதே குற்றம். மூலம் ஏற்றத்தாழ்வைக் காட்டவே எழுதப்பட்டதாயின், அக்கலப்பைத் தயங்காது கையாளலாம். பழைய குடும்பத்தைப் புதிய குடும்பமாகத் திருத்தி எழுதுவதும் பிழையே.

இரண்டாவது, களம். வீட்டுக் காட்சியில் சமன்மையைக் காட்ட 'நீ' என்பதையும், அலுவலகக் காட்சியில் அதனைக் காட்ட 'நீங்கள்', 'அவர்' என்பனவற்றையும் முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு களங்களிலும் ஒரே ஈறு வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

மூன்றாவது, பாலை வெளிப்படுத்தும் பிற வழிகள். 'அவர்' என்பதால் பெண்மை மறையுமிடத்து, பாத்திரத்தின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை கூறலாம். உறவுப்பெயரைக் கையாளலாம். உரையாடலில் 'அவங்க' என்னும் பேச்சு வடிவைத் தயங்காது பயன்படுத்தலாம். 'பெண்' என்னும் அடையை, மூலம் அவ்வேறுபாட்டை வலியுறுத்தும் இடத்தில் மட்டும் சேர்க்கலாம்.

எழுத்துத் தமிழுக்கு மதிப்புப் பெண்பாலீறு ஒன்று இனித் தோன்றுமா என்பது காலம் விடையளிக்க வேண்டிய வினா. பேச்சில் அது இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது. எழுத்தில் அது இல்லாதவரை, ஒரு பெண்ணை மதிப்பதா, அவரைப் பெண்ணாகக் காட்டுவதா என்னும் தேர்வு ஒவ்வொரு வினைமுற்றிலும் நம்மை எதிர்கொள்ளும். அத்தேர்வைப் பழக்கத்தின் கையில் விட்டுவிடாமல் அறிந்து செய்வதே மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகும். மாறிவரும் வாழ்க்கையை மொழி பின்தொடர்ந்தே வருகிறது. நாம் எழுதும் ஈறு அதனை மேலும் பின்னிழுப்பதாக இருத்தலாகாது.